குழாய் நுனி மீன்கொத்தி

ஸ்டுடியோக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கேமராப் பொத்தானை அழுத்துவதற்கு முன் "தலைய நிமித்துங்க, கண்ணச் சிமிட்டாதீங்க, ரெடி!" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம் என்று ஆயுசில் பாதியை இதைச் சொல்லியே கழித்தவர். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

கடையில் அதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையில்தான் வினை. அன்று கடையைப் பூட்டிவிட்டு, ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குப் போய்விடுவார். கூட்டம் கூட்டமாக மனிதர்களை எடுத்து அலுத்துப்போன மனுஷருக்குத் தனியாக இருக்கிற எதைப் பார்த்தாலும் ஆசை. கல்லில் ஊரும் நத்தை, மட்கிய கட்டையில் முளைத்த காளான், பூச்சி அரித்துச் சல்லடையான இலை, எல்லாம் எடுப்பார். நத்தையிடம்கூட "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வார். நத்தைக்கு என்ன, அது பாட்டுக்குப் போகும்.

மீன்கொத்தி அப்படியா? கரையை ஒட்டி, தண்ணீருக்கு மேலே துருப்பிடித்த பழைய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒற்றை மீன்கொத்தி வந்து உட்காரும். இவர் குறி பார்ப்பார், மூச்சைப் பிடிப்பார், "ரெடி!" என்பார். பறவை போயே போச்சு! வாராவாரம் இதே கூத்து. வீட்டுக் கம்ப்யூட்டர் நிறைய வெறும் குழாய்ப் படங்கள்.

கடையில் படங்களைத் திருத்துவது அவர் மனைவி. ஊரார் முகத்துப் பருவையும் தழும்பையும் துடைத்தெடுக்கிற கைகாரி, தன்னைப் படம் எடுக்க மட்டும் விடமாட்டாள். "ரெடி" என்று காதில் விழுந்ததுமே தாடை இறுகிவிடும். கல்யாண ஆல்பம் முதல் பேரன் பிறந்தநாள் வரை எல்லாப் படத்திலும் பல்வலிக்காரி மாதிரியே நிற்பாள். "என் மூஞ்சிக்குப் படம் ராசியில்ல, விடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள். அவருக்கு அது தீராத குறை. ஊரையே அழகாகக் காட்டியவருக்குக் கட்டியவளைக் காட்டத் தெரியவில்லையே!

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழம அந்தக் குழாயப் புடுங்கப் போறாங்களாம். அது போனா பறவையும் வராது. நாளைக்கு விட்டா விட்டதுதான்."

"தவளதான் தன் வாயால கெடும்பாங்க. குளத்தங்கரையில நீங்களும் சேந்துக்கிட்டீங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு நானும் வர்றேன்."

"நீயா? அங்க வந்து தொணதொணன்னு பேசக் கூடாது, தெரியுமா?"

"யாரு, நானா!" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் ஈரப் புல்லில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் குழாய் சும்மாவே கிடந்தது. இன்று வராதோ என்று அவர் ஏங்கிப்போன நேரத்தில், மீன்கொத்தி வந்து நுனியில் அமர்ந்தது. அவர் கேமராவைத் தூக்கினார். உதடு தானாகப் பிரிந்தது.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவர் வாயை இறுகப் பொத்தியது.

க்ளிக். பறவை தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது. க்ளிக். சட்டென்று பாய்ந்து, அலகில் மீனோடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. க்ளிக். அது பறந்து போகும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"அடேயப்பா, மாட்டிக்கிட்டாரு!" என்று கேமராத் திரையைப் பார்த்துக் குழந்தை மாதிரி கத்தினார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வாயப் பொத்தணும்னு எத்தன வருஷமா நெனச்சிருப்பேன்! இன்னிக்குத்தான் வேள வந்துச்சு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேலையில் ஒட்டிய புல்லோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவர் கேமராவைத் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை. அழுத்திவிட்டார்.

"அய்யய்யோ, சொல்லவே இல்லையே! குடுங்க, மொதல்ல அத அழிக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

திரையைப் பார்த்தவள் விரலை அப்படியே வைத்திருந்தாள். அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள், கடையில் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதுபோல, ஓரம் ஓரமாக. அவர் காத்திருந்தார்.

"ஏங்க," என்றாள் கடைசியில், "இதுல திருத்துறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."