ஹெல்மெட்டுக்குள் மல்லிகை

எனக்கு வயது எழுபத்தாறு. முதலியார்பேட்டையில் மில் வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சில வருஷத்துக்கு முன்பு, ஒரு சாயங்காலம், கடற்கரை மணலில் ஒரு ஹெல்மெட் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. உள்ளே தலை இருக்குமோ என்று குனிந்து பார்க்கவே துணிவில்லை.

என் கடைசி மகளுக்கு அங்கேதான் வேலை. மணலில் ஓடும் நாலு சக்கர பைக்கை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள். புருஷனை இழந்து, இந்தப் பேத்தியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவள். வாய் மட்டும் குறையவில்லை. "செவப்புத் துணி கட்டுன கம்புக்கு அந்தாண்ட போவாதீங்க சார். அடும்புக்கொடிதான் மணல புடிச்சி வச்சிருக்கு. அடியில ஆம முட்ட இருக்கும். மேல ஏத்துனா அதுவும் போச்சு, நீங்களும் கவுந்துடுவீங்க" என்பாள். பெண்கள் வந்தால், "பூவ எடுத்து எங்கிட்ட குடுங்க, ஹெல்மெட் எறங்காது" என்பாள்.

அன்று ஒரு புதுமண ஜோடி, பையனின் அம்மாவோடு வந்தது. பெண்ணுக்குக் கொண்டை நிறையப் பூ. மகள் வழக்கம்போலக் கேட்டாள். மாமியார்க்காரி என் மகளுடைய வெறும் தலையைப் பார்த்தாள்.

"தாலி மஞ்ச இன்னும் காயல, தலப்பூவ எடுக்கச் சொல்றியா? உனக்குத்தான் குடுத்து வைக்கல. எம் மருமவ பூ உன் கண்ண உறுத்துதா?"

நான் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சூடாக ஒன்று திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். மகளோ ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆளுக்கொரு வண்டி. பையன் கம்பைத் தாண்டி, கொடி படர்ந்த மணல்மேட்டில் ஏற்றினான். பெண்ணும் பின்னாலேயே போனாள். கொடி அறுந்து மணல் சரிந்தது, அவள் வண்டி கவிழ்ந்தது. வார் மாட்டாமல் கொண்டைமேல் ஒப்புக்கு உட்கார்ந்திருந்த ஹெல்மெட்தான் உருண்டு வந்தது. உள்ளே மல்லிகைச் சரம்.

முதலில் ஓடியது என் மகள். அந்தப் பெண் பிழைத்தாள். ஒரு காது கேட்காமல் போயிற்று. மேட்டில் ஆமை முட்டைகள் நசுங்கி, மணலோடு பிசைந்து கிடந்தன.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று மகள் சொன்னாள்: "யம்மா, எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியா."

அவள் வெறும் தலையைப் பார்த்தேன். "எதுக்குடி?"

"நான் மொதல்ல என்னுத எடுத்து ஆணியில மாட்டுறேன். அப்பறம் எவ மாட்டேன்னு சொல்றான்னு பாக்குறேன்."

இன்றும் தினம் நான்தான் வாங்கித் தருகிறேன். யாருக்குப் பூ என்று தெருவில் கேட்பவர்களுக்கு நிமிர்ந்தே பதில் சொல்கிறேன். தலையில் நிற்காத அந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறாள். அதைத் தொட இன்னும் எனக்குக் கை வரவில்லை.

எழுதிட்டியாடி? உங்கம்மா வர்றதுக்குள்ள, ஹெல்மெட் உருண்டு வந்த எடத்துலேருந்து ஒரு தரம் படி, கேக்குறேன்.