இரண்டு பின் அடித்த உறை

பெரிய டாக்டர் பொய் சொன்னார். லேப் ரிப்போர்ட் நேரத்துக்கு வரவில்லை என்று அவர் சொன்னது பொய். ரிப்போர்ட் வந்தது. புதன்கிழமை மத்தியானம் நானே பஸ் ஏறிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பழுப்பு உறை இன்றைக்கும் என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதன் வாயை மடித்துப் பெருக்கல் குறி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்டேப்லர் பின் அடித்திருக்கிறேன். அது என் பழக்கம். ஒற்றைப் பின் அடித்தால் வார்டில் யாராவது பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்து வைத்துவிடுவார்கள். பெருக்கல் குறியை அப்படியே திரும்ப அடிக்க யாருக்கும் வராது. இரண்டு பின்னும் இப்போது துருப்பிடித்துவிட்டன. ஆனால் அடித்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நான் லேப் டெக்னீசியனாக இருந்தவள். ஊர் சேத்தூர். காலையில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் இறங்கி, பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரியில் சாம்பிள்களை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். நான் வேலை பார்த்த லேப் அங்கே இருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வசதி அப்போது எங்களிடம்தான் இருந்தது. கல்ச்சருக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்கக்கூடாது. அதனால் பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "என்னம்மா, கோழிக்குஞ்சு எதும் வச்சிருக்கியா, இந்த அணை அணைக்க?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். "கிருமி வச்சிருக்கேன், பாக்கியளா?" என்றேன். அன்றிலிருந்து அந்த வண்டியில் எனக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

கல்ச்சர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடித் தட்டில் நோயாளியின் கிருமியைப் பரப்பி, ஒவ்வொரு மருந்திலும் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைப்போம். மறுநாள் எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவான வளையம் விழுந்திருக்கிறதோ, அந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கும். வளையம் இல்லையென்றால் கேட்காது. அந்த மருந்தை எத்தனை பாட்டில் ஏற்றினாலும் உள்ளே இருக்கும் கிருமிக்கு அது வெறும் தண்ணீர்தான்.

இதை எனக்கு முன்னால் ராஜபாளையத்துக்குச் சொன்னவர் பெரிய டாக்டர். அதை மறைக்கக்கூடாது. எண்பதுகளில் அவருடைய சீரியஸ் வார்டில் ஆறு கட்டில்கள் இருந்தன. வார்டு வாசலில் அவரே பெயின்டில் எழுதிய பலகை ஒன்று தொங்கியது: 'முதலில் சாம்பிள், பிறகு ஊசி.' உயிருக்குப் போராடுகிறவருக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் சாம்பிளை எடுத்த கையோடு பலமான ஊசியைப் போட்டுவிடுவார். ஆனால் ரிப்போர்ட் வந்ததும் நின்றுகொண்டே பிரித்துப் படிப்பார். கேட்காத மருந்தைச் சிவப்பு மையால் அடிப்பார். சின்ன மருந்தே போதும் என்றால் பெரியதை நிறுத்துவார். கிருமியே இல்லை, இது வேறு காய்ச்சல் என்றால் எல்லாவற்றையும் நிறுத்துவார். "நிப்பாட்டத் தெரியாதவன் ஊசியத் தொடக்கூடாதும்மா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அவரைக் கும்பிடாத குறை. ஆறு கட்டில் வார்டை வைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்காக வைத்தியம் பார்க்கிறவர் இருக்கிறாரே என்று வீட்டில் போய்ப் பெருமை பேசுவேன்.

அந்த மனிதர் எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியும். தளவாய்புரத்திலிருந்து வசதியான வீட்டுக்காரர் ஒருவரைக் காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். கல்ச்சரில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாளில் தானே இறங்கிவிடும், குளுக்கோஸ் மட்டும் போதும், ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் சண்டை போட்டு அவரை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே வரிசையாகப் பெரிய ஊசிகளைப் போட்டார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. எப்படியும் இறங்கியிருக்கும். ஆனால் கடைவீதி முழுக்கப் பேச்சு என்னவென்றால், "தண்ணிய ஏத்திட்டு வேடிக்க பாக்க எதுக்கு டாக்டரு? நம்ம வீட்ல ஏத்திக்கிட மாட்டமா?" அது அவர் காதுக்கும் வந்தது. அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே இரண்டு மூன்று ஊசி. யாருக்கும் எதையும் நிறுத்துவதில்லை. வார்டுக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டவில்லை. நான் கேட்டதற்கு, "ஆணி கெடைக்கலம்மா" என்றார்.

என் தட்டுகளில் அது தெரிந்தது. ஒரு காலத்தில் அகலமாக விழுந்த வளையங்கள் வருடத்துக்கு வருடம் சுருங்கின. அந்த வார்டிலிருந்து வரும் சீழில் சில வில்லைகளின் விளிம்புவரை கிருமி ஒட்டிக்கொண்டு முளைத்தது. எல்லாக் கட்டிலுக்கும் ஒரே மருந்தைக் கொட்டினால் அதற்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், அதுதான் அடுத்த கட்டிலுக்கும் போகும். ஒருநாள் தட்டையே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வில்லை பழசா இருக்கும். உங்க ஓனர்ட்ட சொல்லிப் புதுசு வாங்கச் சொல்லு" என்றார். வில்லை அந்த வாரம்தான் வந்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெரு அண்ணன் அந்த வார்டுக்கு வந்தார். ரத்த உறவு இல்லை, ஆனால் அண்ணன்தான். நூல் மில்லில் மிஷினில் வலது கை மாட்டிக் கிழிந்திருந்தது. அதே ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் புண் சீழ் வைத்தது. திங்கட்கிழமை காலை குளிரில் உதறிக்கொண்டு, பேச்சுக் குழறி, ரத்த அழுத்தம் இறங்கிப்போன நிலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் உடனே அப்போதைய புது ஊசியை எழுதினார். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். சாம்பிள் எடுக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. ஹெட் சிஸ்டர்தான் ஊசி ஏறுவதற்கு முன்னால் ரத்தமும் சீழும் எடுத்து என் கையில் கொடுத்தார். "பலகையத்தான கழத்துனாரு? நான் கழத்தலையேட்டி. கொண்டுட்டு ஓடு" என்றார்.

செவ்வாய்க்கிழமை தட்டைத் திறந்ததும் புளித்த திராட்சை வாசனை. பச்சை நிறம் படர்ந்திருந்தது. என்ன கிருமி என்று பார்த்ததுமே தெரிந்தது: புண்ணில் பச்சைச் சீழ் வைக்கிற, ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிற கிருமி. வில்லைகளை வைத்தேன். புதன்கிழமை காலை பார்த்தபோது, அண்ணனுக்கு ஏற்றிக்கொண்டிருந்த புது ஊசியின் வில்லையைச் சுற்றி வளையமே இல்லை. ஜென்டாமைசின் என்ற பழைய ஊசிக்கு நல்ல அகலமான வளையம். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஊசி அது. ரிப்போர்ட்டுகளைச் சாயங்காலம் வீடு திரும்பும் வழியில்தான் கொடுப்பேன். அன்றைக்கு அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ரிப்போர்ட்டை எழுதி, உறையில் போட்டு, மேலே 'அவசரம்' என்று எழுதி, இரண்டு பின் அடித்து பஸ் ஏறினேன்.

டாக்டர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். உறையை இடதுகையால் வாங்கினார்.

"அவசரம்யா. எங்க தெரு அண்ணன்" என்றேன்.

"இங்க படுத்திருக்க எல்லாரும் யாருக்காவது அண்ணந்தாம்மா. சாப்பிட்டுப் பாக்கேன்" என்று சொல்லி டிராயரை இழுத்து உள்ளே போட்டார்.

இந்த இடத்தில் என் தப்பும் இருக்கிறது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று நான் வாய்திறந்து சொல்லவில்லை. டாக்டருக்கு மருந்து சொல்வது டெக்னீசியன் வேலை இல்லை என்று எங்களுக்குப் பாடம். வெளியே வந்தால் அண்ணனின் மனைவி, என் மதினி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னட்டி வந்திருக்கு அதுல?"

"டாக்டரய்யா கையிலயே குடுத்திட்டேன் மதினி. இனி அவிய பாத்துக்கிடுவாவ. நீங்க செத்த நேரம் உக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கியளே."

மதினி உட்கார்ந்தாள். நான் சொன்னதால் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை போனபோது அதே புது ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கூடவே வேறொரு பெரிய ஊசி சேர்ந்திருந்தது. அதற்கும் என் தட்டில் வளையம் இல்லை. "ரிப்போர்ட் பாத்தாரா சிஸ்டர்?" என்று கேட்டேன். "பாத்துட்டுத்தான் சேத்திருப்பாரு. அதுக்கு மேல நாம யாருட்டி கேக்க?" என்றார் ஹெட் சிஸ்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவர் ஏதோ நினைத்துத்தான் செய்வார் என்று இரண்டுபேரும் நம்பினோம். வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு மூத்திரம் நின்றது. சனிக்கிழமை காலை இறந்துபோனார்.

வராந்தாவில் சேத்தூரே நின்றது. மில்காரர்களும் வந்திருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னால ஆனதெல்லாம் செஞ்சேன். லேப்லருந்து ரிப்போர்ட் நேரத்துக்கு வரல. வந்திருந்தா மருந்த மாத்திக் காப்பாத்தியிருப்பேன்." நான் நாலடி தள்ளி, அன்றைய சாம்பிள் பையோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக மதினி திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் அறைக்குள் போனேன். "ஒங்க கையில குடுத்தேனேய்யா, டிராயர்லதான் போட்டிய" என்றேன். "என் டிராயர் எனக்குத் தெரியும். நீ போயி ஒன் லேபப் பாரு" என்றார். லேப் ஓனரிடம் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரி சாம்பிள் நின்றால் லேபைப் பூட்ட வேண்டியதுதான், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். மூடிக்கொண்டேன். பத்து நாள் கழித்து ஹெட் சிஸ்டர் ஒரு செய்தித்தாளில் சுற்றி உறையைக் கொடுத்தார். டிராயரில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த சாம்பிள் மாத்திரைகளுக்கு அடியில் கிடந்ததாம். இரண்டு பின்னும் அப்படியே இருந்தன. "பிரிக்கவே இல்லட்டி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பழைய ஊசியைப் போட்டிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அது மூன்று நாள் அந்த டிராயருக்குள் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும். மறதி எல்லாருக்கும் வரும். அவருக்கு ரிப்போர்ட்டே தேவைப்படாமல் போயிருந்தது. ஆள் செத்தபிறகு பழி போடத்தான் அது தேவைப்பட்டது. மதினி அதன்பிறகு என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தேன். வாங்கிக்கொண்டாள், வரவில்லை.

போன மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. பெரிய டாக்டரின் ஐம்பது வருட சேவைக்கு ராஜபாளையத்தில் பாராட்டு விழா. 'மருந்தை வீணாக்காதீர்' என்ற தலைப்பில் அவரே பேசப்போகிறார். நோட்டீஸையும் உறையையும் எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"முப்பது வருசமா இத சேலைக்கு அடியிலயா வச்சிருந்த?"

பிரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ எதுக்குப் பிரிக்க? அவரு பிரிக்க வேண்டியது. அவரே பிரிக்கட்டும்" என்றாள் மதினி.

பெரிய டாக்டருக்கு இதைத்தான் சொல்கிறேன். விழாவுக்கு நாங்கள் இரண்டுபேரும் வருகிறோம். மதினி முன்வரிசையில் உட்காருவாள். உறையை நான் மேடைக்கே கொண்டுவந்து தருகிறேன். அன்றைக்கு இடதுகையால் வாங்கினீர்கள். இந்தத் தடவை எந்தக் கையால் வேண்டுமானாலும் வாங்குங்கள். மைக் முன்னால் நின்று இரண்டு பின்னையும் கழற்றுங்கள். உள்ளே எழுதியிருக்கும் தேதியையும் மருந்தின் பெயரையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். வாசித்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததா, வரவில்லையா என்று மதினியைப் பார்த்துச் சொல்லுங்கள்.