ஜலஜாவின் ஐந்து ரிப்போர்ட்டுகள்

எங்க அக்கா ஜலஜாவைப் பைத்தியம்னு சொன்னவா யாரும் நன்னா இருக்கப்படாதுன்னு கபாலீஸ்வரர் சன்னிதியிலயே நின்னு வேண்டிண்டவ நான். கோவில்ல போய் இப்படியெல்லாம் வேண்டிக்கலாமான்னு கேக்காதேங்கோ. வேண்டிண்டாச்சு. இன்னிக்கும் வாபஸ் வாங்கலை.

என் பேர் சூடாமணி. தி.நகர்ல, பனகல் பார்க்குக்குப் பின்னாடி ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேலை. எங்காம் மயிலாப்பூர்ல, சித்திரக்குளத்துக்கிட்ட. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஜலஜாவை அடையார் காந்தி நகர்ல ஸ்ரீநாத்ங்கறவனுக்குக் குடுத்தோம். பேங்க் உத்தியோகம், ஒரே பிள்ளை. அத்திம்பேர், அத்திம்பேர்னு வாய் நெறையக் கூப்பிட்டவதான் நானும். இப்போ அவன், இவன்தான்.

தொண்ணூத்தி மூணுல மாளவிகா பொறந்தா. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல அக்கா வேற மனுஷியாயிட்டா. மொகம் உப்பிப் போச்சு. சீப்புல கொத்துக் கொத்தா முடி. பேச ஆரம்பிச்சா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடலாம். குரல் தகரத்தைத் தேய்ச்சாப்பல ஆயிடுத்து. அடுப்புல பாலை வெச்சுட்டு நின்ன எடத்துலயே தூங்குவா. எல்லாத்துக்கும் மேல அந்த ஸ்வெட்டர். மே மாசம், அடையார்ல, ஃபேனை நிறுத்திட்டு ஸ்வெட்டர் போட்டுண்டு உக்காந்திருப்பா. போறாதா? மாமியார்க்காரி தெரு பூரா சொல்லிட்டா, மருமகளுக்கு மூளை கலங்கிடுத்துன்னு.

யாரோ ஒரு டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனா. அந்த மனுஷன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலை. எட்டு மாசம் தூக்க மாத்திரை குடுத்தான். ஏற்கனவே தூங்கறவளுக்குத் தூக்க மாத்திரை! தொண்ணூத்தி ஆறு பொங்கல் முடிஞ்ச மறுநாள், ஸ்ரீநாத் ஒரு பெட்டியோட அக்காவை எங்காத்து வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். குழந்தையை அனுப்பலை. "புத்தி ஸ்வாதீனம் இல்லாதவகிட்ட எப்படி விடறது?"ன்னு அவம்மா சொல்லி அனுப்பியிருந்தா. ரெண்டரை வயசுக் குழந்தை. அக்கா அழக்கூட இல்லை. அழறதுக்கும் தெம்பு வேண்டாமா?

அன்னிக்கு ராத்திரி அவளுக்குத் தலை வாரி விடறபோதுதான் கழுத்தைப் பார்த்தேன். முன் கழுத்து லேசா பொடைச்சுண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துல மொதல்ல என்னைத்தான் அறைஞ்சுக்கணும் போல இருந்தது. நாளெல்லாம் ஊரான் கையில ஊசி குத்தறவ, கூடப் பொறந்தவளை ஒரு தடவை ஏறெடுத்துப் பார்க்கலையேன்னு.

மறுநாளே ரத்தம் எடுத்தேன். டி.எஸ்.ஹெச். எண்பத்திரண்டு. நாலரைக்குள்ள இருக்கணும். அதாவது, கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி வேலை செய்யலைன்னா, மூளை 'செய், செய்'னு கத்தும். அந்தக் கத்தலைத்தான் அந்த நம்பர் காட்டறது. எண்பத்திரண்டுன்னா தொண்டை கிழியக் கத்தறதுன்னு அர்த்தம். எங்க டாக்டர் இன்னொரு டெஸ்டும் பண்ணச் சொன்னார், ஆன்டிபாடி. அதுவும் கன்னாபின்னான்னு ஏறியிருந்தது. "இவ ஒடம்பே இவ தைராய்டை எதிரின்னு நெனச்சு அடிச்சுண்டிருக்கு. தூக்கம், குளிர், முடி கொட்டறது எல்லாம் அதனாலதான். பைத்தியமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஆயுசுக்கும் தெனம் ஒரு மாத்திரை, அப்பப்போ ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்"னார். வெளியில வந்து அக்கா மெதுவா சொன்னா: "சொந்த ஆத்துக்குள்ளயே அடி. எனக்குப் பழக்கம்தான்."

ரிப்போர்ட்டை எடுத்துண்டு அடையாருக்கு ஓடினேன். மாமியார்க்காரி க்ரில் கேட்டைக்கூடத் திறக்கலை. உள்ள குழந்தை மாளு சிரிக்கற சத்தம் கேக்கறது. "வியாதின்னா நல்லதாப் போச்சு. அந்த நம்பர் சரியாகட்டும். சரியான அன்னிக்கு அவளே வந்து கொழந்தையை அழைச்சுண்டு போகட்டும்"னா. ஆகவே ஆகாதுங்கற தைரியம். அவ பின்னாடி ஸ்ரீநாத் நின்னுண்டிருந்தான். "நீயும் கேட்டுக்கோ"ன்னேன். தலையை ஆட்டினான். ஆட்டறதுக்குன்னே பொறந்த தலை.

மாத்திரை ஆரம்பிச்சோம். காலங்கார்த்தால வெறும் வயித்துல சாப்பிடணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். அம்மா ஒரு நாள் தவறாம குடுத்தா. மருந்து ஒடம்புல ஏறி நம்பர் எறங்க ஆறு வாரமாவது ஆகும், அதுக்கு முன்னாடி எடுத்துப் பிரயோஜனம் இல்லை. ஏப்ரல்ல எடுத்தேன். எழுபத்திநாலு. டோஸ் ஏத்தினார். ஜூன்ல எடுத்தேன். எழுபத்தொண்ணு. டாக்டருக்கே சந்தேகம். "நெஜமா மாத்திரை போட்டுக்கறாளா, இல்லை துப்பிடறாளா?"ன்னார். இந்தச் சேதி எப்படித்தான் அடையாருக்குப் போச்சோ! "மாத்திரை போட்டுக்கவே புத்தியில்லை, இவளா கொழந்தையை வளர்ப்பா?"ன்னு அங்க ஒரே சிரிப்பாம்.

அந்த வாரம் எங்க லேப்ல ஜஹனாராகிட்ட பொலம்பினேன். அவ மெஷின் ஓட்டறவ, ராயப்பேட்டைக்காரி, வாய் ஜாஸ்தி.

"மாத்திரைய எதோட குடுக்குறீங்க?"ன்னா.

"வெறும் வயித்துலதான். எழுந்தவுடனே, காபியோட. சோகை இருக்கறதால இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து, ஒரே முழுங்கா."

ஜஹனாரா கையில இருந்த ட்யூபைக் கீழ வெச்சா. "அடிப்பாவி! காபி குடிச்சா அது வெறும் வயிறாடி? எங்க நோன்புல ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது. நீங்க என்னடான்னா டம்ளர் நெறைய காபிய குடிச்சிட்டு வெறும் வயிறுங்கறீங்க! அந்த இரும்பு மாத்திரை ஒண்ணு போதுமே, தைராய்டு மாத்திரைய ஒடம்புல சேரவே விடாது. படிச்சவதான நீ?"

அவ சொல்றது ஞாயம். எங்காத்துல ஏகாதசிக்குக்கூட காபி உண்டு. 'பச்சத் தண்ணி பல்லுல படலை'ம்பா அம்மா, உள்ள ரெண்டு டம்ளர் போயிருக்கும். காபியை எங்க மனுஷா யாரும் ஆகாரத்துல சேர்க்கறதே இல்லை. லேபுக்கு வரவாகிட்ட 'காபிகூடக் குடிக்கப்படாது மாமா'ன்னு தெனம் சொல்ற நான், சொந்த ஆத்துல அஞ்சு மாசம் அதைப் பார்த்துண்டே இருந்திருக்கேன். ஆத்துக்குப் போய் அம்மாவைக் கத்தினேன். "காபி என்னடி பண்ணும்?"னு அவ திருப்பிக் கத்தினா. அப்புறம் சமையலறையில உக்காந்து அழுதா.

அடுத்த நாள்லேர்ந்து விடியக்காலை அஞ்சு மணிக்குத் தண்ணியோட மாத்திரை. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. இரும்பு மாத்திரை ராத்திரிக்கு. ஆகஸ்ட்ல எடுத்தேன், பத்தொன்பது! ஜஹனாராவைக் கட்டிண்டு குதிச்சேன்.

நம்பர் எறங்க எறங்க அக்காவுக்குக் கோபம் ஏறித்து. அந்தப் பாழாப்போன வியாதி அவ கோபத்தையும் சேர்த்து மழுக்கி வெச்சிருந்திருக்கு. குரல் திரும்பித்து, நடை திரும்பித்து, கூடவே ஒண்ணொண்ணா ஞாபகம் வந்தது. மாமியார்க்காரி, தூங்கிண்டிருந்தவ மொகத்துல தண்ணியை ஊத்தினது. ஸ்வெட்டரைப் பிடுங்கி வேலைக்காரிக்குக் குடுத்தது. "சூடா, கொழந்தை எனக்கு வேணும். அதோட, அவ தெரு பூரா சொன்னாளோல்லியோ, தெரு பூரா பார்க்கத்தான் வாங்குவேன்"னா. கடைசி டெஸ்டை நம்ம லேப்ல எடுக்காதே, அடையார்லயே வேற எடத்துல எடுக்கலாம்னதும் அவதான். அக்டோபர்ல அது வந்தது. மூணு புள்ளி ஒண்ணு.

ரெண்டே நாள்ல நவராத்திரி.

கொலுவுக்கு வர சுமங்கலியை எவளாலயும் வாசல்ல நிறுத்த முடியாது. வெத்தலை பாக்கு குடுத்துத்தான் ஆகணும். சாயங்காலம் ஆறு மணி, அந்த ஆத்துல ஜமக்காளம் நெறைய மாமிகள். அரக்குப் பட்டுப் பொடவையில ஜலஜா உள்ள நுழைஞ்சா, பின்னாடியே நான். மாமியார்க்காரி மொகம் செத்துப் போச்சு. ஆனா சிரிச்சாகணுமே! "வா, வா. ஒடம்பு தேவலையா? உக்காரு"ன்னா.

எதிராத்து மாமி, பாவம், வெகுளி. "ஜலஜா, எவ்வளவு நாளாச்சு! ஒரு பாட்டு பாடேண்டி"ன்னா.

"பாட்டு இருக்கட்டும் மாமி. வேற ஒண்ணு வாசிக்கறேன்"னு பையிலேர்ந்து அஞ்சு ரிப்போர்ட்டையும் எடுத்தா. தேதியோட, நம்பரோட, கணீர்னு வாசிச்சா. எண்பத்திரண்டு. எழுபத்திநாலு. எழுபத்தொண்ணு. பத்தொன்பது. மூணு புள்ளி ஒண்ணு. "எனக்கு வந்தது தைராய்டு வியாதி. பைத்தியம் இல்லை. நம்பர் சரியானா கொழந்தையை அழைச்சுண்டு போன்னு இவா சொன்னா. சரியாயிடுத்து. வந்திருக்கேன்."

ஸ்ரீநாத் உள்ளேர்ந்து ஓடி வந்தான். "ஜலஜா, உள்ள வா, பேசிக்கலாம்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன கூத்து இது?"ன்னா மாமியார்க்காரி. "நம்பர்தானே? தங்கையே லேப்ல இருக்கா. என்ன வேணா டைப் அடிச்சுக்கலாம்."

"கடைசி ரிப்போர்ட் உங்க தெருக்கோடி லேப்ல எடுத்தது. மேல பேர் போட்டிருக்கு, படிங்கோ"ன்னேன். எதிராத்து மாமி கண்ணாடியை மாட்டிண்டு படிச்சா. "ஆமாம், நம்ம லேப்தான்"னா.

மாமியார்க்காரிக்கு ஒரே ஒரு துருப்புதான் பாக்கி. அதையும் எறக்கினா. "சரி, கொழந்தையையே கேளுங்கோ. மாளு, இங்க வா. இதோ ஒங்கம்மா. இவளோட போறியா?"

பட்டுப் பாவாடையும் குஞ்சலமுமா மாளு உள்ளேர்ந்து வந்தது. ஒன்பது மாசம் கழிச்சுப் பார்க்கறோம். கதவைப் பிடிச்சுண்டு நின்னு அக்காவையே பார்த்தது. அக்கா முட்டி போட்டு உக்காந்தா. கையை நீட்டலை.

"நீ கடிப்பியா?"ன்னு கேட்டது குழந்தை. "பாட்டி சொன்னா. நீ பைத்தியம், கிட்ட வந்தா கடிச்சுடுவியாம்."

ஒரு மாமி கையில எடுத்த சுண்டலை அப்படியே திரும்பப் போட்டுட்டா. யாரும் மாமியார்க்காரியைப் பார்க்கலை. அதைவிட அவமானம் வேற வேணுமா? அந்த நிமிஷம் எனக்குள்ள குளுகுளுன்னு இருந்தது, சத்தியமா சொல்றேன்.

"கடிப்பேன்"னா அக்கா. "ஒன்னை இல்லை."

மாளு கொஞ்சம் யோசிச்சது. ஒரு அடி, ரெண்டு அடின்னு வந்து, அக்காவோட விரலைப் பிடிச்சுண்டது. "அப்போ யாரை?"

அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுண்டு எழுந்தா. தாம்பாளத்துலேர்ந்து தனக்குண்டான வெத்தலை பாக்கைத் தானே எடுத்துண்டா. அப்புறம் மாமியாரை நேருக்கு நேர் பார்த்துண்டே சொன்னா:

"வா, ஆட்டோல சொல்றேன்."