வெறும் மணிக்கட்டு

அந்த அட்டையில் வரைந்திருக்கும் பெண் நான்தான் என்பதற்கு முகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. உருளைக்கிழங்குக்குக் கண் வைத்தது மாதிரி இருக்கிறது. ஆனால் இடது கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அது சத்தியமாக நான். கையில் கடிகாரம் கிடையாது, வெறும் தோல். அமெரிக்காவில் நான் கணக்கு நடத்தும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் நாளில் இதைக் கொடுத்தார்கள். எங்கள் டீச்சர் கையில் அடிக்கடி எதையோ படிக்கிறார் என்று கீழே ஒரு வரி. வகுப்பு முழுக்கக் கைதட்டியது. சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது, மனசு அங்கே நிற்கவில்லை. அன்றுதான் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட்.

கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டுவது காஞ்சிபுரத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். எங்கள் பள்ளியில் ஆசிரியர் தினத்தன்று பிளஸ் டூ பிள்ளைகள் புடவையும் வேட்டியும் கட்டி, எங்களைப் போலவே நடித்துப் பாடம் எடுப்பார்கள். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மானம் போவதைப் பார்க்க வேண்டும். போன செப்டம்பரில் என் வேஷம் போட்டவள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் பெண். தறிக்காரர் மகள். கணக்கு என்றாலே ஓடி ஒளிவாள், வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. அதற்கு முதல் நாள் என் புடவையை இரவல் வாங்க வந்தவள் என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாட்சும் குடுங்க மிஸ். அது இல்லாங்காட்டி நீங்கன்னே யாருக்கும் தெரியாது."

மறுநாள் ஒரு சமன்பாட்டை எழுதினாள், கையைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள், மறுபடியும் கையைத் திருப்பினாள். பையில் செல்போன் அடிக்கிறதா என்று குனிந்து காது கொடுத்தாள். தலைமையாசிரியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டு, ஏஜென்சியின் அழைப்புக்காக நான் தவித்தது பள்ளியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, வேஷத்தில் இருந்த தைரியம் அவளுக்குப் போயிருந்தது.

"எங்கியோ போவப் போறீங்கன்னு எங்க கிளாசுக்கே தெரியும் மிஸ். எங்கப்பா தறியில குந்திக்கினா மணியே பாக்க மாட்டாரு. நீங்க பாத்துக்கினே இருக்கீங்க. போறப்ப சொல்லிட்டுப் போங்க மிஸ். கணக்குல மட்டும் போச்சுன்னா என்னை எங்க மாமா பையன் தலையில கட்டிடுவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. தேறினால் கல்லூரி, இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். விசா வந்ததும் முதலில் அந்த வகுப்பில்தான் சொன்னேன். புதிதாக வரவிருந்த ஆசிரியருக்காகப் பாடங்களை வேகமாக ஓட்டி முடித்தேன். கிளம்பும் நாளில் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டேன். பரீட்சை ஹாலில் உதவும் என்றேன். செவிலிமேடு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டும்போதே கை வெறுமையாக இருந்தது. இங்கே வந்து இன்னொன்று வாங்கவே தோன்றவில்லை. திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூடவே விமானம் ஏறிவிட்டது.

ஊரில் ரிசல்ட் வரும் காலை, எனக்குப் படுக்கப் போகும் நேரம். பழைய சக ஆசிரியை ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "உன் செட்டுல கணக்குல ஒண்ணு போயிடுச்சாம்மா. யாருன்னு தெரியல." எனக்குத் தெரிந்துவிட்டது. தேறியிருந்தால் அவள் வாய் சும்மா இருக்குமா? சமைக்கும்போதும் குளிக்கும்போதும் காரை நிறுத்தும்போதும் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் இருந்திருந்தால் தேறியிருப்பாள் என்று ஒரு மனசு, இருந்தபோது மட்டும் உன் கவனம் எங்கே இருந்தது என்று இன்னொரு மனசு. இந்த நிலையில்தான் என் கையில் அந்த அட்டை வந்து சேர்ந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் போன் அதிர்ந்தது. அவளுடைய குரல் பதிவு. பிள்ளைகள் எதிரிலேயே காதில் வைத்துக்கொண்டேன்.

"மிஸ், பாஸ் மிஸ்! காலைலயே வந்துடுச்சு. உங்களுக்கு அப்ப ராத்திரியாச்சே, தூங்குவீங்கன்னு உட்டுட்டேன். எழுந்ததும் பரபரன்னு கெளம்புவீங்க, ஸ்கூலுக்குப் போய்ச் சேரட்டும்னு நீங்க குடுத்த வாட்சையே பாத்துக்கினு இருந்தேன். என் பக்கத்துல உக்காருவாளே, அவதான் கணக்குல பெயிலாயிட்டா மிஸ். சாப்பிடாம அழுதுக்கினு இருக்கா. நீங்க பேசினா கேப்பா, அவ நம்பரு கீழ போட்டுருக்கேன். இங்க இப்பதான் விளக்கு வெக்கிற நேரம், முழிச்சினுதான் இருப்பா."

கண் நிறைந்துவிட்டது. மணி அடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என்னை அறியாமல் கையைத் திருப்பினேன். முன்வரிசையில் படம் வரைந்த பிள்ளை துள்ளி எழுந்து, "பாருங்கள், அப்படியேதான்!" என்று கத்தியது. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வெறும் தோல்தான். கடிகாரம் ஐயம்பேட்டையில் ஒரு கையில் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோற்றுப்போன பெண்ணைக் கூப்பிட வகுப்புக்கு வெளியே நடைக்கு வந்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.