எங்கள் பக்கத்துப் பந்து

எல்லே விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடவேண்டும். அடிக்க ஒருத்திக்கு மூன்று தரம் உண்டு. அடிக்கிறவளுக்குப் பந்து போடுகிறவள் எதிரணி ஆள் இல்லை, அவளுடைய சொந்த அணி ஆள். பருத்தித்துறையில் எங்கள் மாதர் அணிக்குப் பதினொரு வருடமாகப் பந்து போடுவது நான்.

இந்த வருடம் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்தார். கொழும்பில் பேஸ்போல் ஆடிய இளம் பொடியன். வந்த இரண்டாம் நாளே என்னிடம் சொன்னார்:

"அன்ரி, உங்கடை வேலை சும்மா பந்தைத் தூக்கிக் குடுக்கிறதுதானே. இளம் பிள்ளை ஒண்டை விடுவம். நீங்கள் ஸ்கோரை எழுதுங்கோ."

பக்கத்தில் நின்றவள் எங்கள் முதல் அடிகாரி. சந்தையில் மீன் வெட்டுகிறவள், வாயும் அந்தக் கத்தியைப் போலத்தான். "தம்பி, சும்மா குடுக்கிறது எண்டால் நீங்களே ஒருக்கால் குடுத்துப் பாருங்கோவன்," என்றாள். அவர் சிரித்துவிட்டு, போட்டிக்கான பெயர்ப்பட்டியலைச் சனிக்கிழமை எழுதுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவே இந்தப் பேஸ்போலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கைபேசியில் தேடித்தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க ரோசம்தான் வந்தது. அந்த விளையாட்டுக்கு முன்னோடியான பழைய ஆட்டங்களில் பந்து போடுகிறவரின் வேலை, அடிப்பதற்கு வாகாகப் பந்தைக் கொடுப்பது. இங்கிலாந்துப் பிள்ளைகளின் ஆட்டமொன்றில் அவருக்கு 'ஊட்டுகிறவர்' என்றே பெயர். அமெரிக்காவிலும் கையைக் கீழிருந்து வீசித்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அடிக்கிறவர் உயரமாகவோ தாழ்வாகவோ பந்தைக் கேட்டு வாங்கவும் சட்டம் இருந்திருக்கிறது. பிறகு கொடுத்துக்கொண்டே இருக்கச் சிலருக்குப் பொறுக்கவில்லை. மணிக்கட்டைத் திருகினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள். தடுக்கப் பார்த்த சட்டமே கடைசியில் வளைந்து கொடுத்தது.

சனிக்கிழமை இதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அதுதான் அன்ரி, விளையாட்டு வளர்ந்தது," என்றார்.

"வளரட்டும் தம்பி. அங்கை எறியிறவர் அடிக்கிறவரை விழுத்த எறியிறார். இஞ்சை நான் ஆரை விழுத்த?"

அவர் தான் பார்த்து வைத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வலைப்பந்து ஆடுகிற பிள்ளை, நல்ல கை. மீன்காரிக்கு மூன்று பந்து போட்டாள். மூன்றும் தோள் உயரத்தில், அம்பு மாதிரி. இரண்டு தவறின. மூன்றாவது தடியின் நுனியில் பட்டுக் காலடியில் விழுந்தது. பிள்ளையில் பிழை இல்லை. வருடக்கணக்காக மீன் வெட்டி மீன்காரியின் வலது தோள் மேலே எழும்பாது என்று அவளுக்கு யார் சொன்னது?

நான் இடுப்புக்கு நேரே, ஒரு சொட்டு மெதுவாகப் போட்டேன். பந்து பனைகளுக்கு அங்கால் போய் விழுந்தது.

"ஒராளுக்குச் சரி," என்றார் பயிற்சியாளர். "மற்ற ஆக்களுக்கும் போடுங்கோ."

போட்டேன். ஒருத்திக்கு நெஞ்சுக்கு நேரே, இன்னொருத்திக்குச் சற்றுத் தள்ளி. நாலாவது ஆளுக்குப் பந்து என் கையில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவள் வெறுங்காற்றை அடித்தாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.

"என்ரை பிழைதான். திரும்பப் போடுறன்."

"போட்டியிலை பிழை விட ஏலாது அன்ரி."

"ஏன் ஏலாது? மூண்டு தரம் என்னத்துக்கு வச்சிருக்கினம்?"

மீன்காரி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். அடுத்த பந்தை நாலாமவள் வெளுத்து வாங்கினாள். வலைப்பந்துப் பிள்ளை தடியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். "சேர், நான் அடிக்கிறன். அன்ரி போடட்டும்."

அவர் பட்டியலை விரித்துத் தலையைச் சொறிந்தார். "பேருக்குப் பக்கத்திலை வயசும் எழுதவேணும் அன்ரி. மற்ற அணிக்காரர் பாத்தால் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். ஐம்பத்திரண்டு. வடிவாத் தெரியிற மாதிரி எழுதுங்கோ."

அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.