துப்பாக்கிக்கும் பதக்கத்துக்கும் நடுவில்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு மாமியார் ஆகப்போகிறவர் கிருஷ்ணகிரியிலிருந்து சொல்லி அனுப்பினார்: "கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில ஓடறதெல்லாம் இந்த வருசம் வேணாம். பாக்கறவங்க என்னா பேசுவாங்க?"

போன வருடம் நூறு மீட்டரில் மயிரிழையில் இரண்டாவதாக வந்தவள் நான். இந்தத் தடவை பேக்கிங் செக்‌ஷன்காரியை முந்தியே தீருவது என்று, ஷிப்டுக்குப் போகுமுன் ஓசூர் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையிடம் முறையிட்டால், "அம்மாகிட்ட நீயே பேசிக்கயேன்" என்று நழுவிவிட்டார். நல்ல ஆள்!

அப்போதுதான் என் தெய்வத்தைப் பற்றி ஞாயிறு காலை டிவியில் டாக்குமெண்டரி படம் போடுகிறார்கள் என்று தெரிந்தது. தெய்வம் என்றால் ஓட்டக்காரி. பேப்பரிலிருந்து அவர் படத்தை வெட்டி என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். நாடே கொண்டாடும் ஒரு பெண் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அத்தை மனசு மாறாமலா போகும்? முகூர்த்தப் புடவை பார்க்கலாம் வாங்க என்று சாக்குச் சொல்லி வரவழைத்தேன்.

எங்கள் ஊர் ஆண்டெனாக்கள் பெங்களூரைப் பார்த்துத்தான் நிற்கும். படம் கன்னடத்தில். அதனால் என்ன, மாங்காய் மண்டியில் பாதி வியாபாரத்தைக் கன்னடத்திலேயே முடிப்பவர் அத்தை. பஜ்ஜித் தட்டோடு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

முதலில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு மாலை மரியாதை. பிறகு என் தெய்வம் சமையலறையில் தேங்காய் துருவினார். கல்யாணம் எப்போது என்று பேட்டி எடுத்தவன் கேட்க, பெரியவர்கள் சொல்கிறபடி என்று தலையைக் குனிந்துகொண்டார். போச்சு! எனக்கு எதிரான சாட்சியை நானே கூப்பிட்டு, பஜ்ஜியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் ஒருவழியாக ஓட்டம் வந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். துப்பாக்கி வெடித்தது. அடுத்த நொடி கழுத்தில் பதக்கம். நடுவில் ஓடினதை எந்தப் பாவி தின்றான்? எழுந்து போய் டிவியைப் பட்டென்று அணைத்தேன். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அம்மா கண்ணாலேயே என்னை அதட்டினாள்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணு எங்க ஓடுச்சு?"

"காட்டலைங்க அத்தை."

"என்னாத்துக்குக் காட்டல? தேங்கா துருவறத எங்கூட்லயே தினம் பாக்கறேன். அதுக்கா இவ்ளோ நேரம் கண்ணு கொட்டாம உக்காந்திருந்தேன்? கெரகம் புடிச்சவனுங்க!"

என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். புடவைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நீ என்னிக்கு ஓடறே? வெளியாளுங்கள உள்ள விடுவாங்களா?"

"வீட்டு ஆளுங்கன்னா விடுவாங்க அத்தை."

வந்தார். மைதானத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பேக்கிங் செக்‌ஷன்காரியே ஜெயித்தாள். நான் மூன்றாவது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் கல்யாணப் பந்தியில் அத்தை ஒவ்வொரு இலையாக நின்று சொல்லிக்கொண்டு போனார்: "எம் மருமவ ஓடுனத நான் பாத்தேன். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், பூராவும் பாத்தேன்."