பௌர்ணமியன்று மாற்றிய டெம்ப்ளேட்

"உங்க கோடிங்ல ஈகோ ஜாஸ்தி இருக்கு" என்பதுதான் அந்த ஆள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் இஞ்சி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பெங்களூரில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு மன அமைதிக்காக இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வெள்ளை ஜிப்பா, பேச்சில் ஒரு இழுவை, எதிரில் இருப்பவரை மன்னித்துவிட்டது போன்ற ஒரு சிரிப்பு.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். வேங்கிக்காலில் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். மிச்ச நேரத்தில் சின்ன லாட்ஜ்களுக்காக நான் எழுதிய ஒரு அப்ளிகேஷனைப் பராமரிக்கிறேன். எந்த அறையில் யார், எது காலி என்று காட்டும், அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். இந்த இரண்டாவது பாதிதான் இம்சை.

அதன் டெம்ப்ளேட் என்ஜினை மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் தகவலை வாங்கி, கண்ணால் பார்க்கிற பக்கமாக வார்த்துத் தரும் பகுதி அது. பழையதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். புதியதற்கு மாறுவதென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் வேறு இலக்கணத்தில் திருப்பி எழுத வேண்டும். ஜிப்பாக்காரர் தானே செய்து தருவதாக முன்வந்தார்.

"ஒரு பக்கம் மாத்தி, பழசோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு, அடுத்ததுக்குப் போலாம் சார்" என்றேன்.

"பயத்துலேர்ந்து வேலை செய்யாதீங்க" என்றார். "நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதறேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திடும்."

பத்தே நாளில் மாற்றி அனுப்பினார். கூடவே நீளமான ஒரு குறிப்பு. அதில் பற்றின்மை பற்றி மூன்று பத்தி, சோதனை பற்றி ஒரு வரி. எங்கெங்கோ இருந்த பங்களிப்பாளர்கள், ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்காமல், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நானும் முழுசாகப் படிக்கவில்லை. கிராமத்துக்காரி முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அந்த ஒப்புதலை நினைத்தால் அந்த ஆளைவிட என்மேல்தான் அருவருப்பு.

"பௌர்ணமிக்கு ரிலீஸ் பண்ணலாம். எனர்ஜி நல்லா இருக்கும்" என்றார். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் ஊரில் ஒரு அறை கிடைக்காத நாள் அது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்று மத்தியானம், ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜ் நடத்தும் அக்கா போன் செய்தார். முதல் நாளிலிருந்து என் அப்ளிகேஷனைப் பயன்படுத்துபவர்.

"இன்னாம்மா இது, ஜீரோன்னு ஒரு ரூம் காட்டுது? எங்க லாட்ஜ்ல ஏதும்மா ஜீரோ?"

உடனே கிளம்பினேன். ஸ்கூட்டியை ரோட்டோரம் எங்கோ போட்டுவிட்டுக் கூட்டத்தில் நடந்து போனேன். லாட்ஜ் வாசலில் சத்தம். திரை ஆறாம் அறை காலி என்று காட்டியிருக்கிறது. அக்கா மாட்டியிருந்த சாவியை எடுத்து ஒரு வேலூர்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். உண்மையில் காலியாக இருந்தது ஏழு. ஆறாம் அறையிலிருந்த வெளிநாட்டு அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் ஈரப் புடவை, பிள்ளைகள் கையில் அவருடைய பிஸ்கட். அக்கா இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் சின்னது. பழைய என்ஜின் வரிசையை ஒன்றிலிருந்து எண்ணும், புதியது பூஜ்யத்திலிருந்து. அதனால் எல்லா அறைக்கும் ஒரு எண் குறைந்து, ஏழு ஆறாகத் தெரிந்தது. நான் நின்றபடியே போனில் பழையதைத் திருப்பிப் போட்டேன். பிறகு கஃபேக்குப் போனேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அறை நம்பரைத் தனியா வைக்காம, வரிசை எண்ணையே அறை நம்பரா காட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்போ அது உங்க பழைய தப்பு. என் ஸ்கிரிப்ட் அதை வெளிய கொண்டு வந்துச்சு."

அவர் சொன்னது சரி. அதுதான் பொறுக்கவில்லை. "ஒரு போனாவது பண்ணி அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார்" என்றேன். "நான் எதுவும் செய்யலை, எல்லாம் நடந்தது" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு அவரிடம் கோபப்படக்கூட எனக்கு மனம் வரவில்லை. இலைமேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிற மாதிரி கையை அசைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

முதலில் அறை நம்பரை ஒழுங்காகத் தனியே வைத்தேன். பிறகு மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு பக்கமாக மாற்றினேன். பழையதையும் புதியதையும் பிரிண்ட் எடுத்து அக்காவின் கவுண்டரில் வைப்பேன். இங்கிலீஷ் அவ்வளவாக வராத அந்த அக்கா, விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டு, என் கண்ணுக்குத் தப்பிய தேதிப் பிழை இரண்டைப் பிடித்தார். "இத அந்த ஜிப்பாக்காரரு பார்க்கலியா?" என்றார். "அவர் உள்ளே பார்க்கிறவர் அக்கா" என்றேன்.

போன மாதம் வேறொரு மலை ஊரிலிருந்து அவருடைய மின்னஞ்சல் வந்தது. மறுபடி வேலைக்குப் போகிறாராம், இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியதாக ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: "மிக வேகமாக வேலை செய்வார்." மனமார்ந்த நன்றி என்று பதில் வந்தது. வேலையும் கிடைத்துவிட்டதாம்.